மௌனம் சம்மதமா?

‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. பெண் பார்க்கும் வீட்டில் அது பொருந்தக்கூடும். நீதிமன்றத்திலும் பொருந்துமா? முதலில் பொருந்தும், பிறகு பொருந்தாமலும் போகலாம் என்பதே சட்டம் தரும் விடை. பணம் தரவேண்டும் என்று ஒருவர்மேல் வழக்குத் தொடுக்கப்படுகிறது. சம்மன் சேர்ந்த 14 நாள்களுக்குள், வழக்காட வருவதாக அவர் நீதிமன்றத்தில் பதிந்து கொள்ளவேண்டும். பதியாவிடில், கடன் உண்மையா பொய்யா என்று எவரும் ஆராயாமலே வழக்குத் தொடுத்தவருக்குத் தீர்ப்புக் கிடைத்துவிடும்.

மலேசிய நீதிமன்றங்களில் இதற்கு வழங்கும் மலாய்ப் பெயர் ‘பெங்ஹாகிமான் இங்கார்’ என்பதாம். ‘இங்கார்’ என்னும் சொல்லுக்குக் கீழ்ப்படிய மறுத்தல், வாக்குத் தவறுதல் என்றெல்லாம் பொருளுண்டு. மொழியாசிரியனாகிய எனக்கு அச்சொல் உறுத்துகிறது. அரசாங்க முத்திரையைக் கண்டாலே எழுந்து நிற்கும் நம் தோட்டப்புற மக்களுள் மறுத்து நின்றவர் எத்தனை பேர்? கடிதம் கைக்குக் கிட்டாதவர், கிட்டியும் படித்தறிய இயலாதவர், படித்தும் அஞ்சிப் பெட்டிக்குள் பூட்டி வைத்தவர் ஆகியோரையே நான் மிகுதியாகக் கண்டிருக்கிறேன். அத்தகைய கடிதங்கள் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரின் மேசைக்கு வந்து சேர்வது புதிதன்று.

2018-ஆம் ஆண்டில் என் பழைய மாணவர் ஒருவர், லோரி ஓட்டுநர், அப்படியொரு தாளுடன் வந்தார். மோட்டார் சைக்கிள் கடனுக்காக ஒரு நிறுவனம் அவர்மேல் பெற்ற தீர்ப்பு அது. தொகை 8,900 ரிங்கிட்.

“கோர்ட்டுக்கு வரச் சொல்லி எனக்கு ஒரு கடிதமும் வரவில்லையே, ஐயா!” என்றார்.

சம்மன் சென்ற முகவரியைப் பார்த்தேன். அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்து லயத்து வீடு! அந்தத் தோட்டம் வீடமைப்புக்காக அழிக்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இறுதியாக அறியப்பட்ட முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப விதி இடம் தருகிறது. முகவரி தாளில் இருந்தது. வீடுதான் மண்ணில் இல்லை.

“எல்லாம் முடிந்து போயிற்றா, ஐயா?”

“இல்லை, தம்பி. இந்தத் தாள் உன் கைக்கு என்றைக்கு வந்தது?”

நான் முதலில் கேட்டது அந்த நாளைத்தான். 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின்படி, தீர்ப்பு கைக்குக் கிடைத்த 30 நாள்களுக்குள் அதனை ஒதுக்கி வைக்குமாறு விண்ணப்பம் செய்து, அதை எதிர்த்தரப்புக்கும் சேர்ப்பிக்க வேண்டும். சம்மன் முறையாகச் சேரவில்லை என்பது போன்ற அடிப்படைக் குறையை மெய்ப்பித்தால், தீர்ப்பு நிற்காது. நடைமுறையில் குறையில்லையெனில் வழி கடினம்: ஆராயத்தக்க எதிர்வாதம் உண்டு என்பதைச் சத்தியப் பிரமாணப் பத்திரத்தில் சான்றுகளோடு காட்டவேண்டும். ‘எனக்குத் தெரியாது’ என்று கையைப் பிசைவது மட்டும் போதாது.

சிலப்பதிகாரம் நடத்தும் ஆசிரியர்களுக்கு இங்கே பாண்டியன் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. அவன் பொற்கொல்லன் சொல்லைக் கேட்டான், கோவலனைக் கேட்கவில்லை. உண்மை வெளிப்பட்டபோது அத்தீர்ப்பைத் திரும்பப் பெற வழியின்றிப் போயிற்று. கடன் வழக்கில் அந்த வழி உண்டு. அதற்கு அடிகோலியவற்றுள் 1937-ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை முடிவு செய்த எவன்ஸ் - பார்ட்லம் வழக்கு முதன்மையானது. பந்தயக் கடன் பற்றிய வழக்கு அது. எவன்ஸ் குறித்த காலத்தில் வரவில்லை. தீர்ப்பான பின்னர்ப் பணம் கட்டத் தவணையும் கேட்டுவிட்டார். ஆயினும் அவருக்குக் கதவு திறக்கப்பட்டது. வழக்கின் உள்ளடக்கத்தை ஆராயாமலும் இரு தரப்பும் இசையாமலும், நடைமுறை தவறியதால் மட்டுமே பிறந்த தீர்ப்பை விலக்கும் ஆற்றல் நீதிமன்றத்துக்கு உண்டு என்றார் அட்கின் பிரபு. எல்லாருக்கும் சட்டம் தெரியும் என்று சட்டம் கருதிக்கொள்வதில்லை என்றும் அவர் விளக்கினார். அறியாமை ஒருவரைக் காப்பாற்றாது என்பது வேறு. எல்லாரும் அறிந்தவரே என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்புவோர் படித்தவர்களிலும் பலர்.

மலாயில் ‘மெங்ஙெதெப்பிக்கான்’ என்பார்கள். ஓரம் என்று பொருள்படும் ‘தெப்பி’யிலிருந்து வந்த சொல். இச்சொல் எனக்குப் பிடிக்கும். தீர்ப்பு ஓரமாக வைக்கப்படுகிறதேயன்றிக் கடன் அழிந்துவிடுவதில்லை. வழக்கு உயிரோடிருக்கும், வரத்தவறியவர் இனி வந்து வாதாட வேண்டும்.

அம்மாணவரிடம் வாதாட ஏதேனும் உண்டா? மறுநாள் ஒரு மைலோ டின்னைக் கொண்டுவந்து என் மேசைமேல் கவிழ்த்தார். தவணை கட்டிய ரசீதுகள்! மை மங்கியிருந்தது, ஆயினும் தேதிகள் தெரிந்தன. இருவரும் நாள் வரிசையாக அடுக்கினோம். நிறுவனத்தின் கணக்கில் ஏறாத தவணைகள் 14 இருந்தன. ஆறாம் வகுப்பில் கணக்குப் பாடமென்றால் பின்வரிசைக்கு ஓடியவர் அவர்!

வழக்கறிஞர் ஒருவர் முகவரி மாறிய விவரத்தையும் ரசீதுகளையும் இணைத்துப் பத்திரம் தயாரித்தார். பத்தொன்பதாம் நாள் விண்ணப்பம் பதிவாயிற்று. மாஜிஸ்திரேட் தீர்ப்பை ஒதுக்கி வைத்தார். விசாரணைக்கு முன்பே கணக்குச் சரிபார்க்கப்பட்டு, மீதி 3,150 ரிங்கிட் என்று இரு தரப்பும் உடன்பட்டன. அதனை அவர் மாதத் தவணையாகக் கட்டி முடித்தார். அடையாள அட்டையிலிருந்த தோட்டத்து முகவரியையும் மாற்றிக் கொண்டார். மாற்றும்போது மனத்துக்கு என்னவோ போல் இருந்தது என்றார்.