தலைக்கு மேல் அலை!

வழுக்கை விழுந்தவருக்கு ஒரே ஒரு கவலை. அதுவும் முழுசாக விழுந்து முடிந்ததும் தீர்ந்துவிடும். நேர்முடிக்காரருக்கு அந்தக் கவலையும் கிடையாது. சீப்பை ஒரு இழுப்பு இழுத்தால் சொன்னபடி கேட்கும். நல்ல சுருட்டை முடிக்காரரைப் பார்த்து, 'என்னமா சுருண்டிருக்கு!' என்று நாலு பேர் பொறாமைப்படுவார்கள். இந்த மூன்றிலும் சேராமல் நடுவில் நின்று முழிக்கிற ஒரு கூட்டம் உண்டு. நெளிமுடிக் கட்சி. அடியேன் அதில் ஆயுள் உறுப்பினன்.

காலை ஏழு மணிக்குக் கண்ணாடியில் பார்த்தால் கதாநாயகன். ஒன்பது மணிக்குக் கிண்டியில் ரயிலை விட்டு இறங்கும்போது, அந்தக் கதாநாயகனிடம் அடி வாங்கியவன். நடுவில் நடந்தது என்ன? சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து கிண்டி வரை ஜன்னல் காற்று. அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்குப் பெயரே சிங்கத்தால் வந்தது. குன்றைக் குடைந்த கோயில். பாறையோடு பாறையாக நரசிம்மர். மூலவரைச் சுற்ற வேண்டுமானால் குன்றையே சுற்றி வர வேண்டும். தீபாராதனை வெளிச்சத்தில் அர்ச்சகர் நெற்றிக்கண்ணைக் காட்டுவார். சிங்கமுகம் என்றால் பிடரியும் இருக்கத்தானே வேண்டும்? பெருமாளுக்குக் கிரீடம் இருக்கிறது, சமாளித்துக்கொள்கிறார். கிரீடம் இல்லாமல் ஆபீஸ் போகிறவன் பாடுதான் திண்டாட்டம்.

இந்தத் திண்டாட்டத்துக்குப் பின்னால் பெரிய விஞ்ஞானமே இருக்கிறது என்றால் நம்புவீர்களா? சொஸ்ஸூர் என்று ஒரு சுவிட்சர்லாந்து விஞ்ஞானி. காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளக்க அவர் பயன்படுத்திய பொருள், மனிதத் தலைமுடி! ஈரம் ஏறினால் முடி நீளும், காய்ந்தால் சுருங்கும். நூற்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் மேலே இந்த வித்தியாசம். ஒரு முடியை முள்ளோடு கட்டிவிட்டால் முள் நகர்ந்து ஈரத்தைக் காட்டும். 1783-ல் இதைப் பற்றிப் புத்தகமே எழுதிவிட்டார். ஒற்றை முடிக்கே அந்த மரியாதை என்றால், நம் தலையில் ஒரு லட்சம் இருக்கிறது, ஸார்! ஐப்பசியில் மழை வருமா வராதா என்று நுங்கம்பாக்கம் வானிலைக்காரர்கள் சொல்வதற்கு முன்பே என் தலை சொல்லிவிடும்.

முடி நேராக முளைப்பதும் நெளிந்து முளைப்பதும் நம் கையில் இல்லை. முடி புறப்படுகிற குழி நேராக இருந்தால் நேர்முடி. குழி வளைந்திருந்தால், வெளியே வரும்போதே வளைந்துதான் வரும். அப்பா அம்மா எழுதி வைத்த சொத்து அது. உயிலை மாற்ற முடியாது.

ஆனால் தினசரி உருவம் வேறு சமாசாரம். முடி என்பது கெரட்டின் என்கிற புரதம். அதற்குள் இரண்டு வகைக் கட்டு உண்டு. ஒன்று கந்தகக் கட்டு. கெட்டியானது, தண்ணீருக்கு அசையாது. இன்னொன்று ஹைட்ரஜன் கட்டு. நனைந்தால் அவிழும், காய்ந்தால் மறுபடி விழும். இஸ்திரி போடுகிறவர் பருத்திச் சட்டை மேல் ஏன் தண்ணீர் தெளிக்கிறார்? இதே கணக்குதான். ஈரம் போகிற நேரத்தில் துணி எந்த உருவத்தில் இருக்கிறதோ, அந்த உருவம் நிற்கும். ஈரத்தலையோடு ஓடிப்போய் ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், தாம்பரத்துக் காற்று என்ன உருவம் கொடுக்கிறதோ அதுதான் அன்றைக்கு நமக்கு அமைந்த உருவம்.

இதெல்லாம் வெறும் அழகு விஷயம், இதற்குப் போய் இத்தனை பேச்சா என்று நினைப்பவர்களுக்காக என் சித்தி பையன் கதை.

கூடுவாஞ்சேரியில் இருக்கிறான். பி.காம். கணக்கில் புலி. போன வருஷம் முதல் இன்டர்வியூ. அன்றைக்குப் பார்த்துப் புழுக்கம். பவுடர், டை எல்லாம் கச்சிதம்; தலை மட்டும் பம்மென்று நின்றிருக்கிறது. உள்ளே போனதும் ஒருவர் சிரித்துக்கொண்டே, "என்ன தம்பி, காலையில தலை வாரலையா?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்தவரும் சிரித்திருக்கிறார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு தேய்மானம் என்றால் என்ன என்று கேட்டதற்குக்கூட இவனுக்கு வாய் வரவில்லை.

வேலை போனது பெரிதில்லை. பையன் வெளியே வருவதை நிறுத்திவிட்டான். இரண்டாவது கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது, போகவில்லை. வீட்டுக்குள்ளேயே தொப்பி. '16 வயதினிலே' படத்தில் ரஜினிக்குப் பெயர் பரட்டை, அது 1977. இத்தனை வருஷம் கழித்தும் தெருப் பையன்களுக்கு அந்தப் பெயர் மறக்கவில்லை. கடைசியில் ஒரு சலூனில் முடியை நிரந்தரமாக நேராக்க ஆறாயிரம் ரூபாய் கேட்டார்கள் என்று சித்தி சீட்டுப் பணத்தை எடுத்து வைத்துவிட்டாள்.

"புள்ள வெளிய தலைகாட்டினா போதும்டா" என்றாள் என்னிடம். கண் கலங்கியிருந்தது.

நான் அவனை உட்கார வைத்துச் சொன்னேன்: "டேய், மருந்து போட்டு அந்தக் கந்தகக் கட்டை உடைச்சு நேராக்கிடுவாங்க. சரி. குழி வளைஞ்சுதானே இருக்கு? மாசம் ஒரு சென்டிமீட்டர் புதுசா நெளிஞ்சு வரும். நாலு மாசத்துல மேல்மாடி நெளி, கீழ்மாடி நேர். அப்ப மறுபடி ஆறாயிரமா?"

இன்னொன்றும் சொன்னேன். முடியை வழவழப்பாக்குகிற சில கிரீம்களைச் சூடாக்கும்போது ஃபார்மால்டிஹைடு என்கிற வாயு கிளம்பும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் அதை மனிதருக்குப் புற்றுநோய் தருகிற பொருள் என்று பட்டியலில் சேர்த்தது. மூடிய ஏ.ஸி. அறையில் அதை மூச்சில் இழுத்து இன்டர்வியூவுக்குத் தயாராக வேண்டுமா?

"அப்ப என்னதான் பண்றது அண்ணா?" என்றான்.

முதல் எதிரி குழாய். எங்கள் பக்கத்து போர்த் தண்ணீரை ஒரு வாரம் பக்கெட்டில் பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். கால்சியம், மக்னீசியம். சோப்பு இதனுடன் சேர்ந்தால் நுரை வராது, பிசுக்குத்தான் வரும். அது முடியில் ஒட்டிக்கொண்டு சொரசொரப்பாக்கும். ஆகவே குளிக்கிற சோப்பைத் தலையில் தேய்ப்பதை அன்றே நிறுத்தச் சொன்னேன். கடைசிச் சொம்பு மட்டும் நல்ல தண்ணீர். கேன் தண்ணீரோ பிடித்து வைத்த மழைநீரோ. தமிழ்நாட்டில் 2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பூமிக்குள் அனுப்புவதில் ஒரு குடம் தலைக்கும் வரட்டுமே!

இரண்டாவது, ஷாம்பு. கடலூர் சின்னிகிருஷ்ணன் பாக்கெட்டில் அடைத்துக் காட்டிய வித்தை அது. அவர் மகன் ரங்கநாதன் 1983-ல் ஆரம்பித்த கம்பெனியின் 'சிக்' பாக்கெட், பெட்டிக்கடைக்குப் பெட்டிக்கடை தோரணமாகத் தொங்கியது. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகத் தினம் ஒன்று கிழிக்கக் கூடாது. மண்டையில் சுரக்கிற எண்ணெய் நேர்முடியில் சறுக்குமரம் மாதிரி இறங்கிவிடும். நெளிமுடியில் வளைவுக்கு வளைவு நின்று நின்று வரும். நுனிக்கு வந்து சேராது. அந்தக் கொஞ்சத்தையும் தினம் கழுவினால் வறண்டு போய்ப் பறக்காமல் என்ன செய்யும்? வாரம் இரண்டு முறை போதும். கழுவிய பிறகு கண்டிஷனர்; மண்டையில் வேண்டாம், முடியில் மட்டும்.

குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய். பாட்டி சொன்னால் கேட்க மாட்டோம், ஆராய்ச்சி சொன்னால் கேட்போம். தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெய்க்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை என்று 2003-ல் இந்திய ஆராய்ச்சியாளர்களே எழுதினார்கள். பாட்டி ஜெயித்தாள்.

மூன்றாவது, துண்டு. கரகரவென்று துவட்டினால் முடியின் மேல் ஓடுகள் தூக்கிக்கொள்ளும். சித்தப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துக் கொடுத்தேன். தேய்க்காதே, ஒற்று.

நான்காவது, சீப்பு. ஈரத்தில் அகலப் பல் சீப்பால் ஒருமுறை. அதோடு சீப்புக்கு லீவு. காய்ந்த பிறகு வாரினால், சேர்ந்து நிற்கிற நெளிகள் ஒவ்வொன்றும் பிரிந்து குடைபோல் விரியும். ஆபீஸ் பாத்ரூம் கண்ணாடி முன்னால் பாக்கெட் சீப்பை எடுக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். ரயிலுக்கு முக்கால் மணி முன்பே குளியல். காய்கிற வரை கை வைக்கக் கூடாது. ஹெல்மெட் போடுகிறவர்களும் அப்படியே. உள்ளே மெல்லிய பருத்தித் துணி ஒன்று.

ஐந்தாவதை எங்கள் ஊர் சலூன் அண்ணன் சொன்னார். "நெளிமுடியை நனைச்சு வெட்டறப்ப நீளமாத் தெரியும். காஞ்சதும் ஏறிக்கும். அதனால ஒரு விரக்கடை மிச்சம் வெச்சு வெட்டணும். முடி அடர்த்தியா இருக்குன்னு பல்லு கத்திரி போட்டுப் பிச்சு விடறாங்க பாருங்க, அதுதான் கெடுதல். குட்டைக்குட்டையா நூறு முடி எழுந்து நிக்கும்." இருபது வருஷ அனுபவம். அன்றைக்கு எங்களிடம் வாங்கியது கட்டிங் காசு மட்டும்.

சங்கப் புலவர்கள் நெளிந்த கூந்தலை 'அறல்' என்பார்கள். தண்ணீர் ஓடி வடிந்த ஆற்றில், கருமணல் வரி வரியாகப் படிந்து கிடக்குமே, அது. செங்கல்பட்டுத் தாண்டிப் பாலாற்றில் மழைக்காலம் முடிந்ததும் பார்க்கலாம். அவனை ஒருநாள் பாலத்தில் நிறுத்திக் காட்டினேன். "இதையா ஸார் வாரச் சொல்றாங்க?" என்று கேட்டான். வாரக்கணக்கில் சிரிக்காத பையன்.

ஒரு மாதம் ஆயிற்று. தலை சினிமா நடிகர் மாதிரி ஆகிவிடவில்லை. நெளி நெளியாகத்தான் இருந்தது. ஆனால் அடங்கி இருந்தது. தொப்பி பரணுக்குப் போனது. சீட்டுப் பணம் பீரோவுக்குப் போனது. மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் மறுபடி இன்டர்வியூ. நாற்பது நிமிஷம் கேள்வி. தலையைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். தேய்மானம் கேட்டார்களாம். சொன்னானாம்.

வேலை கிடைத்தது கணக்கால்தான், முடியால் இல்லை. ஆனால் அந்த நாற்பது நிமிஷமும் தன் தலையை மறந்து உட்கார்ந்திருந்தான் பாருங்கள், அதற்குத்தான் இத்தனை எண்ணெயும் வேட்டியும்.

இப்போது சித்தி வீட்டில் வாரத்துக்கு ஒரு தண்ணீர் கேன் கூடுதலாகத் தீர்கிறது. எங்கே போகிறது என்று சித்தப்பா கணக்குக் கேட்கிறார். அவருக்கு முழு வழுக்கை; சொன்னால் புரியாது. பையன்தான் அக்கவுன்ட்ஸில் இருக்கிறானே, அவனே எழுதிக்கொள்ளட்டும்!