பீமாசங்கரத்திற்கு இருமுறை

நம் சங்கத்துக் குடும்பங்களில் பலர் சஹ்யாத்திரி மலையை முதன்முதலில் ரயில் ஜன்னல் வழியாகவே கண்டிருப்போம். மும்பைக்குப் போகும் வண்டி லோணாவளாவைத் தாண்டியதும் ஒரு குகைக்குள் நுழையும், வெளிவரும், மறுபடியும் நுழையும். குழந்தைகள் கூச்சலிடுவார்கள். அந்தக் கணவாயில் 1863 ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை அமைந்துவிட்டது. மலையிறங்கிக் கர்ஜத் நிலையத்தை அடைந்ததும் பிளாட்பாரத்தில் உருளைக்கிழங்கு வடை வாங்குவோம். அத்துடன் நமக்கும் மலைக்கும் உள்ள உறவு முடிந்துவிடும்.

அந்த உறவைச் சற்று நெருக்கமாக்கிக்கொள்ளலாம் என்று 2024 ஆம் ஆண்டில் சில குடும்பங்கள் கூடிப் பீமாசங்கரம் போய்வரத் தீர்மானித்தோம். பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் தமிழ்நாட்டுக்கு உரியது இராமேசுவரம் ஒன்றே. மகாராஷ்டிரத்துக்குத் திரியம்பகம், கிருஷ்ணேசுவரம், பீமாசங்கரம் என மூன்று. பரளியையும் அவுண்டாவையும் சேர்த்து ஐந்து என்பாரும் உளர். அந்த வழக்கில் நாம் தலையிட வேண்டியதில்லை. புனேயிலிருந்து நாசிக் சாலையில் மஞ்சர் வரை சென்று, மேற்கே திரும்பி, கோடேகாவ், டிம்பே வழியாக மலையேறினால் ஏறக்குறைய 125 கிலோமீட்டர். விடியற்காலையில் புறப்பட்டால் இருட்டுமுன் வீடு திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டோம்.

எந்த நாளில் போவது என்பதில் விவாதமே எழவில்லை. இவ்வூரார் வழக்கில் அமாவாசைக்கு மறுநாள் மாதம் பிறக்கிறது. ஆகவே நமது ஆடி அமாவாசை கழிந்ததும் இவர்களுக்குச் சிராவணம். அந்த ஆண்டு அது ஆகஸ்டு 5 ஆம் தேதி, திங்கட்கிழமையிலேயே பிறந்தது. மாதத்திற்குள் ஐந்து திங்கட்கிழமைகள் விழுந்தன. "சிராவண சோமவாரத்தை விட்டுவிட்டுச் சிவன் கோயிலுக்கு வேறு எந்த நாளில் போவது?" என்று எங்களுள் மூத்த அம்மையார் ஒருவர் கேட்டார். மறுத்துப் பேச யாருக்கும் தோன்றவில்லை. இரண்டாவது சோமவாரமான ஆகஸ்டு 12 அன்று ஒரு பஸ்ஸை அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம்.

டிம்பே அணை வரை பயணம் சுகமாகவே இருந்தது. நெல் வயல்கள் படிப்படியாகப் பச்சை விரித்திருந்தன. பாறைகளிலிருந்து வெள்ளிச் சரடுகள்போல் நீர் இறங்கிற்று. புனே நகரில் ஆண்டு முழுவதும் பெய்வது 700 மில்லிமீட்டர் அளவே. இம்மலை முகட்டில் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு பெய்யும். அதற்கு மேல், மலைச்சாலையின் வளைவுகளில், வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாய் நின்றுவிட்டன.

நின்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு படிப்பினைதான். நெற்றியில் திருநீறும் கையில் வில்வமுமாகக் குடும்பங்கள் அமர்ந்திருந்த கார்கள் பாதி. மற்றப் பாதி, மழையில் நனையவும் அருவியின்முன் படம் எடுத்துக்கொள்ளவும் வந்த இளைஞர் கூட்டம். அவர்களிலும் பலர், வந்ததுதான் வந்தோம், சுவாமியையும் பார்த்துவிடுவோம் என்றார்கள். எங்களுள் சிலரும், சுவாமியைப் பார்க்க வந்தோம், அருவியையும் பார்த்துவிடுவோம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். யாத்திரிகர் யார், உல்லாசப் பயணி யார் என்று பிரித்துச் சொல்வது இப்போது எளிதன்று. முன்பு கொங்கணக் கரையிலிருந்து செங்குத்தான காட்டுப் பாதை ஏறியும், இப்பக்கத்துச் சமவெளியிலிருந்து பல நாள் நடந்தும் வந்தார்கள். கால் கடுத்தவர் வழியில் தங்குவார்; ஆகவே கூட்டம் தானாகவே சிதறிவிடும். இன்று மும்பையிலிருந்தும் புனேயிலிருந்தும் ஒரே விடுமுறையில், ஒரே காலைப் பொழுதில், ஒரே சாலையின்மேல் எல்லாரும் வந்து சேர்கிறோம். செல்பேசியில் ஒருவர் ஓர் அருவியின் படத்தைப் போட்டால் அடுத்த ஞாயிறு ஆயிரம் பேர் அங்கே நிற்கிறார்கள். மழைக்காலத்து இரவில் இக்காட்டின் உளுத்த மரங்களில் ஒருவகைக் காளான் பச்சை ஒளி வீசும். அதைக் காணவென்றே நள்ளிரவில் வருவோரும் உண்டு.

நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது மேலேயிருந்து ஒரு ஜீப் இறங்கி வந்தது. வந்தது என்பது சரியன்று; வர முயன்றது. வரிசையில் நிற்கப் பொறுக்காத கார்கள் எதிர்ச்சாரியிலும் புகுந்து அடைத்திருந்தன. ஜீப்பின் பின்னிருக்கையில், பிரசவ வேதனையில் ஒரு மலைக்கிராமத்துப் பெண். தலையை ஒரு கிழவி மடியில் தாங்கியிருந்தாள். கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் இளைஞர்கள் நனைந்தபடியே இறங்கிக் கார்க்காரர்களிடம் ஒவ்வொருவராகக் கெஞ்சினார்கள். ஒரு கார் பின்னால் நகர, அதற்குப் பின்னால் உள்ளது நகர வேண்டும். அதற்குப் பின்னால் உள்ளதில் ஓட்டுநரையே காணோம், அருவி பார்க்கப் போயிருந்தார். எங்கள் பஸ்ஸும் சாலையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டுதான் நின்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஜீப் எங்களைக் கடந்து செல்ல ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. அதன்பின் பஸ்ஸுக்குள் யாரும் பாடவில்லை.

கோயிலுக்குச் சில கிலோமீட்டர் முன்பே வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். அங்கிருந்து அரசு பஸ்ஸில் செல்ல வேண்டும். மலைமேல் கோயில் என்றால் நமக்குப் பழனிபோல் ஏறிச் செல்வதே நினைவுக்கு வரும். இங்கே மலைமேல் போய், இருநூறுக்கு மேற்பட்ட படிகள் கீழே இறங்க வேண்டும். கருங்கல்லால் ஆன பழைய கோயில். சிகரம் பதினெட்டாம் நூற்றாண்டில் நானா பட்னவீஸ் கட்டுவித்தது. எதிரே பெரிய மணி ஒன்று தொங்குகிறது. 1739 ஆம் ஆண்டில் சிமாஜி ஆப்பா வசைக் கோட்டையைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியபோது கொண்டுவந்த மாதாகோயில் மணி அது. இவற்றையெல்லாம் அன்று நாங்கள் கண்டோம் என்று சொல்ல முடியாது. முன்னே நின்றவரின் குடையைத்தான் கண்டோம். வரிசையில் நான்கு மணி நேரம், சந்நிதியில் நான்கு வினாடி. ஈரப்படிகளில் கூட்டம் நெருக்கியபோது, 2005 ஆம் ஆண்டு ஜனவரி 25 அன்று சாதாரா மாவட்டத்து மாந்தர்தேவி மலைக்கோயிலில் 290க்கும் மேற்பட்டோர் நெரிசலில் மாண்டது நினைவுக்கு வந்தது. அங்கும் குறுகலான படிகள்தாம்.

திரும்பும் வழியில் டிம்பேயில் தேநீருக்கு நின்றோம். அணையின் நீர்ப்பரப்பை ஒட்டி ஒரு பாதை பிரிந்து சென்றது. எங்கே போகிறது என்று கேட்டோம். "மாலீண்" என்றார் கடைக்காரர். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லத் தேவையும் இல்லை. 2014 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆம் தேதி காலையில், விடாத மழைக்குப் பின், மலைச்சரிவு ஒன்று பெயர்ந்து மாலீண் கிராமத்தின்மேல் இறங்கியது. நாற்பதுக்கு மேற்பட்ட வீடுகள் புதைந்தன. 151 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இம்மலையின் பழங்குடியினரான மகாதேவ கோளிகள். வழக்கம்போல் அப்பக்கம் வந்த அரசு பஸ் ஓட்டுநர்தான், ஊர் இருந்த இடத்தில் ஊர் இல்லை என்று முதலில் கண்டு வெளியுலகுக்குச் சொன்னார். மழையும், மரம் குறைந்ததும், சரிவுகளை வெட்டிச் சமன்செய்ததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. எஞ்சியவர்களுக்கு ஆம்டே என்னும் இடத்தில் வீடுகள் கட்டி 2017 ஏப்ரலில் கொடுத்தார்கள்.

யாத்திரிகர் கூட்டத்தால் மாலீண் அழிந்தது என்று நாம் சொல்ல வரவில்லை; அது உண்மையும் அன்று. ஆனால் நாம் கூட்டங்கூட்டமாக ஏறும் மாதமும், மலை நெகிழும் மாதமும் ஒன்றே. இன்னொரு மாலீண் நேர்ந்தால் உதவிக்குப் போகும் வண்டி எந்தச் சாலையில் போகும்? இந்த வட்டாரத்தில் 2024 ஜூன் 30 அன்று லோணாவளாவில் பூஷி அணைக்கருகே வெள்ளத்தில் ஒரு குடும்பத்தார் ஐவர் அடித்துச் செல்லப்பட்டதும், 2025 ஜூன் 15 அன்று தளேகாவுக்கு அருகே இந்திராயணி ஆற்றின்மேல் பழைய இரும்புப் பாலம் ஒன்று கூட்டத்தின் பாரத்தோடு சரிந்ததும், மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில்தாம்.

இதையெல்லாம் நினைத்து, போவதையே விட்டுவிடுவோம் என்று எங்களுள் சிலர் சொன்னார்கள். அதுவும் சரியாகப் படவில்லை. முன்பு சிராவணத்தை வற்புறுத்திய அதே அம்மையார்தான் வழி சொன்னார்: "நமக்குத்தான் கார்த்திகைச் சோமவாரம் இருக்கிறதே! ஊரார் கூடும் சோமவாரம் அவர்களுக்கு. நம்முடையதில் நாம் போவோம்." சங்காபிஷேகத்துக்கு உரிய அந்த நாட்கள் எங்களுக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று வியந்தோம்.

நவம்பர் 25 அன்று மீண்டும் சென்றோம். இம்முறை பஸ் அமர்த்தாமல், முதியோர்கள் அரசு பஸ்ஸில் மஞ்சர் மார்க்கமாக வந்தார்கள். எங்களில் ஐவர் முந்தின நாளே கர்ஜத்தில் இறங்கி, மலையடிவாரத்துக் காண்டஸ் கிராமத்தில் தங்கி, விடியுமுன் நடக்கத் தொடங்கினோம். அங்கிருந்து இரண்டு வழிகள். ஒன்றில் பாறையை ஒட்டி ஏணிகள் சார்த்தியிருக்கும்; மழையில் அது ஆபத்தானது, எந்நாளும் நம்மைப் போன்றவர்களுக்கு உரியதன்று. கணேச காட் என்பது மற்றொன்று. நீண்டது, ஆனால் நிதானமானது. வழியில் சிறு பிள்ளையார் கோயில் ஒன்று உண்டு. நல்ல குளிர். ஐந்து மணி நேரத்தில் ஐந்து முறை உட்கார்ந்தோம். கீழே கொங்கண நாடு பனியில் கிடந்தது.

வழிகாட்டியாக வந்தவர் மகாதேவ கோளி இளைஞர். கடுக்காய் மரங்களைக் காட்டினார். கோடைத் தொடக்கத்தில் அதன் பிஞ்சுகளைப் பறித்து உலர்த்தி விற்பதே மலை மக்களின் முக்கிய வருமானம். எங்கள் பாட்டி வைத்தியத்தில் கடுக்காய்க்குள்ள இடத்தைச் சொன்னதும் மகிழ்ந்து போனார். மரக்கிளையில் செம்பழுப்பும் வெண்மஞ்சளுமாக ஏதோ தாவியது. ஷேக்ரு எனப்படும் மலையணில். மகாராஷ்டிரத்தின் மாநில விலங்கு. 1985 ஆம் ஆண்டில் இக்காடு சரணாலயமானதற்கு முக்கிய காரணமும் அதுவே. சிராவணத்தில் ஒன்றையும் பார்க்கவில்லையே என்றோம். "அன்று உங்களைப் பார்த்து அது ஓடியிருக்கும்" என்றார்.

தேவராய் எனப்படும் கோயிற்காடுகள் இம்மலைகளில் பல. மாதவ காட்கில், வர்தக் என்னும் அறிஞர்கள் 1970களில் இவற்றை ஊரூராகத் தேடி ஆராய்ந்தார்கள். தெய்வத்துக்கு அஞ்சி ஒரு கிளையும் ஒடிக்காத காடுகள். நம் ஊர் ஐயனார் காடுகளை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

கோயிலில் சந்நிதிமுன் கால் மணி நேரம் நின்றோம். மணியை நிதானமாகச் சுற்றிப் பார்த்தோம். நாங்கள் தமிழர் என்று அறிந்ததும், சோலாப்பூர்ப் பக்கத்து முதியவர் ஒருவர், தாம் இராமேசுவரம் போய் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடியதை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்தார்.

எல்லாம் நன்மை என்று எழுதிவிடலாம். ஆனால் படியோரத்தில் பேடா விற்பவர் எங்கள் கதையைக் கேட்டுச் சிரித்தார். "எல்லாரும் உங்களைப்போல் கார்த்திகையில் வந்தால் நான் சிராவணத்தில் என்ன தின்பேன்? அந்த நாலைந்து திங்களில் விற்பதுதான் என் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு" என்றார். அவருக்குப் பதில் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. இரண்டு கிலோ பேடா வாங்கினோம். ஆகஸ்டில் ஜீப்பில் போன அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டோம். எந்தக் கிராமம் என்று கேட்டார், எங்களுக்குத் தெரியவில்லை. "அப்படி ஒவ்வொரு சிராவணமும் யாராவது போவார்கள்" என்றார்.

கோயிலுக்கருகே பீமா நதி பிறக்கிறது. திரிபுரனோடு பொருத களைப்பில் சிவபெருமான் உடலில் அரும்பிய வியர்வை என்பது புராணம். கார்த்திகையில் அது ஒரு சிறு கசிவுதான். இதுவே பண்டரிபுரத்தில் சந்திரபாகை எனப் பெயர்பெற்று, ராய்ச்சூருக்கு அருகே கிருஷ்ணையில் கலக்கிறது. எங்களுடன் வந்த ஓர் அம்மாள், வில்லிவாக்கத்தில் இருக்கும் தம் தாயாருக்கென்று ஒரு சொம்பில் நீர் பிடித்துக்கொண்டார். ஸ்ரீசைலம் அணையிலிருந்து தெலுங்கு கங்கைக் கால்வாய் வழியாகக் கிருஷ்ணை நீர் 1996 முதல் சென்னைக்கு வருகிறதே, இந்த நீரில் ஒரு துளி ஏற்கெனவே உங்கள் அம்மா வீட்டுக் குழாய்க்குப் போயிருக்குமே என்று சொன்னோம். "குழாயில் வருவது வருகிறபோது வரட்டும்" என்று சொம்பை நன்றாக மூடிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் படியேறினார்.