மண், நீர், ரத்தம்

தேசியம் பற்றிய பேச்சில் கவிஞனுக்கு இரண்டே வேஷங்கள்தான் என்று நாம் பழகிவிட்டோம். ஒன்று அவன் கொடி தூக்குகிறவன். அல்லது கொடிக்கு முதுகைக் காட்டி நிற்கும் தனியன். இந்தோனேசியாவின் மாணவர் சங்கங்களைப் பற்றிக் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறேன். அரசியல் சரித்திரமாகவே அது எழுதப்பட்டிருக்கிறது. கவிதை வாசகனான எனக்கு அதில் முக்கியமாகப் படுவது ஒரு சொல்லின் கதை.

1901இல் டச்சு அரசு தன் காலனி மக்களுக்குக் கடன்பட்டிருப்பதாக அறிவித்து ஓர் 'அறநெறிக் கொள்கை'யைக் கொண்டு வந்தது. அதன் விளைவாகக் கொஞ்சம் பள்ளிக்கூடங்கள் பெருகின. மேல்படிப்பு என்றால் ஜாவாவுக்குத்தான் வர வேண்டும். பட்டேவியாவில் ஸ்டோவியா மருத்துவப் பள்ளி. பின்னால் 1920இல் பாண்டுங்கில் பொறியியல் கல்லூரி. 1924இல் பட்டேவியாவில் சட்டக் கல்லூரி. பல தீவுகளிலிருந்து வந்த பையன்கள் ஒரே விடுதியில் படுத்து, ஒரே டச்சு மொழியில் படித்தார்கள். அந்த விடுதியில்தான் அவர்கள் தங்கள் 'இன'த்தைக் கண்டுபிடித்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மினாங்கபாவ் கிராமத்தில் இருந்தவரை ஒருவன் இன்ன குலத்தான், இன்ன ஊரான், அவ்வளவுதான். ஜாவாக்காரனுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்த பிறகே அவன் சுமத்ராக்காரன் ஆனான். ஸ்டோவியாவின் ஆரம்ப வருஷங்களில் ஜாவாப் பையன் ஜாவா உடையிலும் சுமத்ராப் பையன் சுமத்ரா உடையிலும்தான் வரவேண்டும் என்று விதியே இருந்தது. காலனி அரசு மாட்டிவிட்ட உடையை அவர்கள் பிறகு தங்கள் தோலாக ஏற்றுக்கொண்டார்கள்.

1908 மே மாதம் ஸ்டோவியா மாணவர்கள் புடி உதோமோவைத் தொடங்கினார்கள். 1915இல் இளைஞர்களுக்கென்று த்ரி கோரோ தர்மோ. பெயரே ஜாவாத்தனமாக இருக்கிறதென்று சுண்டாக்காரர்களும் மதுராக்காரர்களும் முகம் சுளித்ததால் அது 1918இல் 'யோங் ஜாவா' ஆயிற்று. 1917 டிசம்பரில் சுமத்ரா இளைஞர் சங்கம் வந்தது. அதிலிருந்து பதாக் இளைஞர்கள் பிரிந்து போய்த் தனிச் சங்கம் வைத்தார்கள். அம்பான், செலிபஸ் இளைஞர்களும் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். இவற்றைத் தேசியத்தின் குழந்தைப் பருவம் என்று சரித்திர ஆசிரியர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். முதலில் குறுகிய பற்று, அப்புறம் விரிந்த பற்று என்கிற மாதிரி. எனக்கு இது சரியாகப் படவில்லை. சுமத்ராக்காரன் என்பதும் இந்தோனேசியன் என்பதும் ஒரே அடுப்பில், ஒரே தலைமுறையின் கையால் வெந்த பண்டங்கள். ஒன்று பழசு, மற்றது புதிது என்பது பிற்பாடு கட்டிய கதை.

இங்கேதான் முகம்மது யாமின் வருகிறார். 1903இல் மேற்கு சுமத்ராவில் தலாவியில் பிறந்தவர். 1920இல், பதினேழு வயதுகூட நிரம்பாத நிலையில், சுமத்ரா இளைஞர் சங்கத்தின் பத்திரிகையில் 'தானா ஆயிர்' என்று ஒரு கவிதை எழுதினார். பத்திரிகையின் பெரும்பகுதி டச்சில் வந்துகொண்டிருந்தபோது இவர் மலாயில் எழுதினார். தானா என்றால் மண், ஆயிர் என்றால் நீர். இரண்டும் சேர்ந்தால் தாயகம். நாம் தாய் என்று சொல்லுகிற இடத்தில் அவர்கள் மண்ணையும் நீரையும் வைக்கிறார்கள். கவிதையில் ஒருவன் பாரிசான் மலைமேல் நின்று கீழே காட்டையும் பள்ளத்தாக்கையும் பார்க்கிறான். அவன் தாயகம் கண்ணுக்கு எட்டுகிற அளவுதான். அதன் பெயர் சுமத்ரா.

1928இல் அவர் வெளியிட்ட தொகுப்பின் தலைப்பில் சுமத்ரா இல்லை, இந்தோனேசியா இருக்கிறது. கூடவே 'தும்பா தாரா' என்ற சொல்லும் இருக்கிறது. ரத்தம் சிந்திய இடம் என்று பொருள். ஒருவன் பிறந்தபோது ரத்தம் சிந்திய மண். நம் வழக்கில் தொப்புள்கொடி அறுந்த இடம். எட்டு வருஷத்தில் கவிஞனின் பார்வை மலையுச்சியை விட்டு, எந்த மலையில் நின்றாலும் தெரியாத ஒரு பரப்புக்கு நகர்ந்துவிட்டது. ஆயிரக்கணக்கான தீவுகளில் எவனும் மொத்தமாகப் பிறக்க முடியாது. உடம்பின் சொல்லை ஒரு வரைபடத்தின்மேல் போர்த்தினால்தான் அது வாய்க்கும். அந்தக் காரியத்துக்குக் கவிஞன் தேவைப்பட்டான்.

1926இல் பட்டேவியாவில் முதல் இளைஞர் மாநாடு. தீர்மான வரைவில் பொதுமொழி மலாய் என்று யாமின் எழுதியிருந்தார். மதுராவைச் சேர்ந்த தாப்ரானி ஒப்பவில்லை. நாடும் இந்தோனேசியா, மக்களும் இந்தோனேசியா என்றால் மொழிக்கும் அதே பெயர்தானே என்பது அவர் வாதம். பெயர் இருந்தது, மொழி இன்னும் பிறக்கவில்லை. 1928 அக்டோபர் 27, 28இல் இரண்டாம் மாநாடு. அதில் சிலர் டச்சில்தான் பேசினார்கள். மலாய் அவர்கள் நாவில் தடுமாறியது. எந்த மொழியைத் தூக்கிப் பிடிப்பதாகத் தீர்மானிக்கிறார்களோ அந்த மொழியே கைவராத ஒரு கூட்டம். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. எதிர்காலத்தின் மொழியில் பேச முற்படுகிறவன் தடுமாறத்தான் செய்வான்.

தீர்மானத்தின் மூன்று வாசகங்களை ஊன்றிப் பார்க்க வேண்டும். முதல் இரண்டிலும் பிறந்த மண் ஒன்று, இனம் ஒன்று என்று வருகிறது. மூன்றாவதில் மொழி 'ஒன்று' என்று வரவில்லை. ஒற்றுமையின் மொழியை, இந்தோனேசிய மொழியை, உயர்த்திப் பிடிக்கிறோம் என்றுதான் இருக்கிறது. தாய்மொழிகளுக்கு இடம் விட்ட வாசகம் அது. பிற்காலத்தில் மேடைகளில் அது 'ஒரே மண், ஒரே இனம், ஒரே மொழி' என்று தேய்ந்தது. 1928இல் வெறும் தீர்மானமாக இருந்ததைச் 'சபதம்' என்று மாற்றியதும் 1950களின் வேலை.

மலாயைத் தேர்ந்ததில் ஒரு பெருந்தன்மை உண்டு. 1930ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில் சுதேசி மக்களில் ஏறத்தாழ 47 சதம் ஜாவாக்காரர்கள். எண்ணிக்கையைக் காட்டி அவர்கள் தங்கள் மொழியைக் கேட்டிருக்கலாம்; கேட்கவில்லை. ஆனால் பெருந்தன்மை மட்டும் காரணமில்லை. ஜாவா மொழியில் வாயைத் திறந்தவுடனேயே எதிரே இருப்பவன் பெரியவனா சின்னவனா என்று முடிவுசெய்தாக வேண்டும். சொற்களே அதன்படி மாறும். சமமானவர்களின் சங்கத்துக்கு அது ஒத்துவராது. மலாய் துறைமுகத்திலும் சந்தையிலும் புழங்கியது. டச்சு நிர்வாகமும் அதைத்தான் பயன்படுத்தியது. விடுதலையின் மொழி ஆள்பவனின் கச்சேரி வழியாகவும் வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

சங்கங்கள் தாமாகவே கலைந்தன. 1930 முடிவில் 'இளைய இந்தோனேசியா'வில் கரைந்தன. ஆனால் சொல் விரிவது நிற்கவில்லை. 1945 ஜூலையில், சுதந்திரத்துக்கான ஆயத்தக் குழுவில், நாட்டின் எல்லை எது என்ற கேள்வி வந்தபோது யாமின் மலாயாவையும் வட போர்னியோவையும் பாப்புவாவையும் போர்த்துகீசிய திமோரையும் சேர்த்துக் கேட்டார். 66 ஓட்டுகளில் 39 அந்தப் பக்கம் விழுந்தன. அதே சுமத்ரா இளைஞர் சங்கத்தில் பொருளாளராக இருந்த ஹத்தா, டச்சுக்காரர்கள் ஆண்ட பரப்பு போதும், பாப்புவாக்காரர்கள் தனி மக்களாக இருக்க உரிமை உள்ளவர்கள் என்று வாதிட்டார். ஒரே விடுதிக் கூடத்திலிருந்து இந்த இரண்டு மனங்களும் வந்திருக்கின்றன. ஒருவர் சொல்லை அதன் ஓசையின் போக்கில் போகவிட்டார். மற்றவர் அது யார்மேல் போய் விழுகிறது என்று பார்த்தார். 1950இல் அம்பான் தனிக் குடியரசு என்று அறிவித்தது. ஜகார்த்தா அதை ஒடுக்கியது. 1958இல் பாடாங்கில் கலக அரசு ஏற்பட்டபோது மேற்கு சுமத்ராமேல் ஜகார்த்தாவின் விமானங்கள் குண்டு போட்டன. பாரிசான் மலையடிவாரம்தான் அது. யாமின் ஜகார்த்தாவின் பக்கம் இருந்தார்.

இன்னொரு கவிஞரையும் சொல்ல வேண்டும். அமீர் ஹம்சா, 1911இல் லங்காட்டின் மலாய் அரச குடும்பத்தில் பிறந்தவர். மற்றவர்கள் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்ட மொழி இவருக்குத் தாய்மொழி. ஜாவாவில் சோலோவில் படித்தபோது இளைய இந்தோனேசியாவின் கிளையை நடத்தினார். 1933இல் நண்பர்களோடு 'புஜங்கா பாரு' பத்திரிகையைத் தொடங்கினார். இரண்டே சிறு தொகுப்புகள். நவீன இந்தோனேசியக் கவிதையை அவற்றைத் தவிர்த்துப் பேச முடியாது. 1945இல் குடியரசு அவரையே லங்காட்டில் தன் பிரதிநிதியாக நியமித்தது. 1946 மார்ச்சில் அரச குடும்பங்களுக்கு எதிராக மூண்ட 'சமூகப் புரட்சி'யில் அந்தக் குடியரசின் பெயராலேயே அவரைக் கொன்றார்கள். வயது 35. 1975இல் தேசிய வீரர் என்று பட்டம் கொடுத்தார்கள்.

'தும்பா தாரா'வில் இருந்த ரத்தம் பிரசவத்தின் ரத்தம். சுதந்திரம் வந்த வருஷங்களில் அதே சொல்லை வேறு ரத்தமாகவும் வாசிக்க முடிந்துவிட்டது. இதற்காக அந்த மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் காலனி ஆட்சி மாட்டிவிட்ட உடையோடு நின்றிருப்பார்கள். ஆனால் சொல்லை விரிக்கிற கவிஞன், அதற்குள் எவரெல்லாம் கேட்காமலே அடைக்கப்படுகிறார்கள் என்பதையும் பார்க்கக் கடமைப்பட்டவன். ஹத்தா கவிஞரல்ல. 1945இல் அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர்தான் என்பது கவிதை எழுதுகிற நமக்குக் கொஞ்சம் உறுத்த வேண்டும்.