எடுக்காத கால்

தெரியாத நம்பர், அதுவும் வெளிநாட்டு எண். எடுக்காமல் விட்டால் போச்சு, அதோடு முடிந்தது என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் 2019 ஏப்ரல் கடைசியிலிருந்து மே 10 வரை, உலகம் முழுக்கச் சுமார் 1400 செல்போன்களுக்கு வாட்ஸ்அப்பில் இப்படித்தான் அழைப்பு வந்தது. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒன்றுதான். மணி அடிக்கும்போதே வேலை முடிந்துவிட்டது. பின்னாலேயே உள்ளே வந்து உட்கார்ந்தது பெகாசஸ். இஸ்ரேலின் என்.எஸ்.ஓ நிறுவனம் அரசாங்கங்களுக்கு விற்கும் வேவு மென்பொருள் அது.

எடுக்காத கால் எப்படி உள்ளே வரும்? இதைக் கணினிப் புத்தகத்தை வைத்து விளக்குவதை விட வல்லக்கோட்டையை வைத்து விளக்குவது சுலபம். முருகன் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு அது கோயில் ஊர். ஆனால் ஒரு பக்கம் ஒரகடம், இன்னொரு பக்கம் வல்லம் வடகால், ஸ்ரீபெரும்புதூர் என்று சுற்றிலும் தொழிற்சாலைகள். ஷிப்ட் பஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கும் சாலை. அங்கே உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் எவரிடமும் கேஜ் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். துளை சரியான அளவா என்று பார்க்க கோ கேஜ், நோகோ கேஜ் என்று இரண்டு உண்டு. முதலாவது உள்ளே போக வேண்டும், இரண்டாவது போகக்கூடாது. இதைப் பார்க்காமல் ஒரு துண்டு கூட அடுத்த மேசைக்கு நகராது.

வாட்ஸ்அப்பில் விட்டுப் போனது இந்தக் கேஜ்தான்.

இணையம் வழியாகப் பேசும்போது குரல் மட்டும் போவதில்லை. லைன் எப்படி இருக்கிறது, எத்தனை பொட்டலம் தொலைந்தது என்று இரண்டு போன்களும் சின்னச் சின்னக் குறிப்புகளைப் பரிமாறிக்கொள்ளும். ஆர்.டி.சி.பி என்று அதற்குப் பெயர். இந்தக் குறிப்புகளைக் கையாளும் நிரல் பகுதி, நீங்கள் பச்சைப் பொத்தானைத் தொடும் முன்பே வேலை செய்யத் தொடங்கிவிடும். வந்த பொட்டலத்தை நினைவகத்தில் ஓர் இடத்தில் படி எடுத்து வைக்கும். இடம் இவ்வளவுதான், வந்தது எவ்வளவு என்று அளந்து பார்க்காமல் படி எடுத்தால்? மீதி வழிந்து பக்கத்து இடத்தில் இருப்பதை அழித்துவிட்டு அங்கே உட்காரும். அனுப்பியவன் கெட்டிக்காரன் என்றால், வழிகிற பகுதியில் தன் கட்டளைகளை வைத்திருப்பான். புதுத் தந்திரம் ஒன்றும் இல்லை. 1988இல் இணையத்தையே முடக்கிய மாரிஸ் புழு பயன்படுத்திய வழிகளில் இதுவும் ஒன்று. முப்பது வருடம் கழித்தும் அதே கதவு திறந்தே இருந்தது என்பதுதான் வெட்கம்.

மே மாதத் தொடக்கத்தில் வாட்ஸ்அப் பொறியாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். முதலில் தங்கள் வழங்கிகளில் மாற்றம் செய்து அந்த வகை அழைப்பை நடுவழியிலேயே தடுத்தார்கள். பிறகு செயலிக்கான திருத்தம் வந்தது. மே 13 அன்று செய்தி வெளியாகி, 150 கோடிப் பேரும் அப்டேட் செய்யுங்கள் என்று சொல்லப்பட்டது. ஓட்டைக்குக் கொடுக்கப்பட்ட எண் சிவிஇ-2019-3568. மறுநாளே செக் பாயின்ட் நிறுவனத்து ஆய்வாளர்கள் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, என்ன மாறியிருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். இரண்டே இரண்டு அளவுச் சோதனைகள். ஒன்று, பொட்டலம் 1480 பைட்டைத் தாண்டக்கூடாது என்பது. மற்றது, படி எடுப்பதற்குச் சற்று முன்னால் இன்னொரு முறை அளப்பது. கோடிக்கணக்கான டாலர் வியாபாரத்தை நிறுத்தியது இவ்வளவுதான் :-)

இங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. திருத்தம் வந்துவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று தோன்றும். ஒரே நாளில் செக் பாயின்ட் கண்டுபிடித்ததை, கெட்ட எண்ணம் உள்ளவர்களும் கண்டுபிடிக்கலாம் அல்லவா? ஓட்டை எங்கே இருந்தது என்பதற்குத் திருத்தமே வரைபடம். அதுவரை சிலருக்கு மட்டும் தெரிந்த இடம் அன்றிலிருந்து ஊருக்கே தெரிந்துவிடுகிறது. வழங்கியில் போட்ட தடுப்பு ஓரளவு காப்பாற்றும், ஆனால் அப்டேட் செய்யாத போனில் ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

பக்கத்திலேயே ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலைகள் இருக்கின்றன. அந்த நிறுவனம் 2021 மே மாதம் இக்னிஷன் காயில் கோளாறுக்காக 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதில் பத்து சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளுக்குத்தான் காயில் மாற்ற வேண்டியிருக்கும் என்று நிறுவனமே சொன்னது. இருந்தாலும் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். வண்டி எண் இருக்கிறது, உரிமையாளர் பெயர் இருக்கிறது, கூப்பிட்டுச் சொல்ல டீலர் இருக்கிறார். செயலிக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? ஒரு சின்ன அறிவிப்பு வரும், 'மெமரி போதவில்லை' என்று போன் சொல்லும், அத்தோடு சரி. வல்லம் வடகாலில் 2024இல் பெண் தொழிலாளர்களுக்காகத் திறந்த விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள். அத்தனை பேர் கையிலும் போன் இருக்கும். புதுசு வாங்கினால் பழசு ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ தம்பிக்கோ போகும். அதை யார் அப்டேட் செய்வது?

பெகாசஸ் விலைக்கு ஒரு தொழிலாளியை யார் வேவு பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குறிவைக்கப்பட்டவர்கள் வேறு மாதிரி ஆட்கள். இந்தியாவில் நாக்பூர் வழக்கறிஞர் நிஹால்சிங் ரத்தோட், சத்தீஸ்கரில் பழங்குடியினருக்காக வேலை செய்த பேலா பாட்டியா போன்றவர்கள். ஆனால் தொழிலாளிக்கு ஒரு பிரச்சினை வந்தால் தேடிப் போவது இந்த மாதிரி வக்கீலையும் சமூக ஆர்வலரையும்தான். அனுப்பிய செய்தி இரண்டு போனிலும் இருக்கும். உங்கள் போன் பத்திரமாக இருந்தால் மட்டும் போதாது.

அப்புறம் நடந்த கூத்தையும் சொல்ல வேண்டும். மே மாதமே சொன்னோம், செப்டம்பரில் 121 இந்தியர்கள் என்றும் சொன்னோம் என்றது வாட்ஸ்அப். வந்தது வெறும் தொழில்நுட்ப வார்த்தைகள், பெகாசஸ் என்ற பெயரே அதில் இல்லை என்றது அரசுத் தரப்பு. எண்ணும் பதிப்பும் மட்டும் போட்ட எச்சரிக்கையால் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பயனும் இல்லை என்பது உண்மை. அதைப் படித்துப் புரிந்துகொள்ளத்தானே சி.இ.ஆர்.டி-இன் என்றொரு அமைப்பு இருக்கிறது என்பதும் உண்மை.

2019 அக்டோபர் 29 அன்று வாட்ஸ்அப் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டது. 2025இல் வெளியான நீதிமன்ற ஆவணத்தில் 51 நாடுகளில் 1223 பேர் என்று கணக்கு இருக்கிறது. மெக்சிகோவில் 456, இந்தியாவில் 100. அதே வருடம் மே மாதம் ஜூரி விதித்த தண்டத் தொகை 16.7 கோடி டாலர். அக்டோபரில் நீதிபதி அதைச் சுமார் 40 லட்சமாகக் குறைத்து, வாட்ஸ்அப் பக்கமே வரக்கூடாது என்று தடையும் போட்டார். வழக்கில் தெரிய வந்த இன்னொரு விஷயம்: 2019இல் அடைத்த வழிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ஏதேன். அது போனதும் எரிசெட் என்று வேறொன்று தயார் செய்து, வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 2020 மே வரை பயன்படுத்தியிருக்கிறார்கள்.

உங்கள் போனில் எந்தப் பதிப்பு என்று பார்க்க, வாட்ஸ்அப் அமைப்புகளில் உதவி, அதற்குள் செயலித் தகவல். ஆண்ட்ராய்டில் 2.19.134க்கு முந்தையது எதுவும் அந்தப் பழைய ஓட்டையோடு இருப்பது. வீட்டில் அம்மாவின் போனையும் எடுத்துப் பாருங்கள். மெமரி போதாது என்றால் முதலில் குட்மார்னிங் படங்களை அழிக்கலாம், கேட்டுவிட்டு.