'சூப்பர்ஸ்டிஷன்' என்னும் சொல்

பூனை குறுக்கே சென்றதென்று பயணத்தை நிறுத்துபவரைக் கண்டால் தமிழர் 'மூடநம்பிக்கை' என்பர். கன்னடர் 'மூடநம்பிகெ' என்பர். தெலுங்கர் 'மூடநம்மகம்' என்பர். தில்லியிலும் போபாலிலும் வளரும் பிள்ளைகள் 'அந்தவிஷ்வாஸ்' என்னும் இந்திச் சொல்லைக் கேட்டிருப்பார்கள். வடமொழியில் 'மூட' என்பது அறிவு மயங்கிய நிலையைக் குறிக்கும். இந்தியில் வரும் 'அந்த', தமிழில் தொலைவில் உள்ளதைச் சுட்டும் 'அந்த' அன்று. அது குருடு என்னும் பொருளுடையது. ஆக, இச்சொற்கள் நம்புகிறவரை ஏசிக்கொண்டே தொடங்குகின்றன. பார்வையற்றோரை இவ்வழக்கில் இழுத்தது நியாயமும் அன்று.

ஆங்கிலேயர் வழங்கும் 'சூப்பர்ஸ்டிஷன்' என்னும் சொல்லில் அத்தகைய ஏச்சு எதுவும் இல்லை. அது இலத்தீன் மொழியில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. இலத்தீனில் 'சூப்பர்' என்றால் மேல். 'ஸ்டாரே' என்றால் நிற்றல். இரயில் நிற்கும் இடத்தைக் குறிக்கும் 'ஸ்டேஷன்' என்னும் சொல்லும் அந்த 'ஸ்டாரே'யிலிருந்து வந்ததே. இவ்விரண்டையும் சேர்த்தால் 'மேலே நிற்றல்' என்னும் பொருள் கிடைக்கிறது. எதன்மேல் நிற்பது? ஏன் நிற்பது? அறிஞர்கள் இன்றளவும் இதில் ஒத்த கருத்துக்கு வரவில்லை.

பொருள் தெளிவாக இல்லாவிட்டாலும் சொல்லை எறிவதற்கு எவரும் தயங்கவில்லை. கி.பி. 112ஆம் ஆண்டளவில், இன்றைய துருக்கியின் ஒரு பகுதியை ஆண்ட பிளினி என்னும் உரோம ஆளுநர், பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதினார். அங்கே பரவிவந்த கிறித்தவத்தை அவர் அச்சொல்லாலேயே இகழ்ந்தார். சில நூற்றாண்டுகளில் பேரரசே கிறித்தவமாயிற்று. அதன்பின், உரோமரின் பழைய தெய்வ வழிபாடே அதே பெயரால் இகழப்பட்டது. சொல் மாறவில்லை, சொன்னவரும் கேட்டவரும் இடம் மாறினர்.

இவ்வசவுக்கெல்லாம் முந்தையது சிசரோவின் விளக்கம். நாவன்மையால் உரோமையே ஆட்டிவைத்த அவர், கி.மு. 45இல் தெய்வங்களின் இயல்பைப் பற்றி உரையாடல் வடிவில் ஒரு நூல் எழுதினார். அதில் பால்பஸ் என்பவர் இச்சொல்லுக்குக் காரணம் கூறுகிறார். இலத்தீனில் 'சூப்பர்ஸ்டெஸ்' என்றால், பிறர் இறந்தபின் எஞ்சி வாழ்பவர். தம் பிள்ளைகள் தமக்குப் பின்னும் எஞ்சி வாழவேண்டும் என்று நாள் முழுவதும் வேண்டிப் பலியிட்டுக்கொண்டிருந்த பெற்றோரை மக்கள் இப்பெயரால் அழைத்தனராம். பின்னர் அதன் பொருள் விரிந்ததாம். பிள்ளைகள் பலர் சிறுவயதிலேயே இறந்துபோன காலம் அது. அவ்வேண்டுதலை நகைக்க எளிதில் மனம் வராது.

மொழியியலார் பலர் இவ்விளக்கத்தை ஏற்பதில்லை. சொல்லின் உண்மைப் பிறப்பாக அது இல்லாமலிருக்கலாம். ஆயினும் அது எழுதப்பட்ட காலத்தை நோக்கவேண்டும். அவ்வாண்டு பிப்ரவரியில், குழந்தை பெற்ற சில வாரங்களில், சிசரோவின் அன்பு மகள் துல்லியா இறந்துபோனாள். தந்தை எஞ்சினார், மகள் எஞ்சவில்லை. அதற்குச் சில மாதங்களுக்குப் பின்னரே, பிள்ளைகள் எஞ்சவேண்டுமென்று வேண்டிய பெற்றோரைப் பற்றிய அவ்வரிகள் எழுதப்பட்டன.

அந்நூலில் சமயம் வேறு, மூடநம்பிக்கை வேறு என்று பிரித்துக்காட்டுபவர், அதே ஆண்டில் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதங்களில் வேறொருவராகத் தெரிகிறார். மகளுக்கு நினைவிடம் எழுப்ப விரும்புகிறார். அது கல்லறை போல் தோன்றக்கூடாது, கோயிலாகவே இருக்கவேண்டும் என்று வற்புறுத்துகிறார். மகளைத் தெய்வமாக்க அவருக்கு ஆசை. டைபர் ஆற்றுக்கு அப்பால் தோட்டங்கள் விலைக்கு வருமா, பணத்துக்கு என்ன வழி என்று கடிதத்துக்குக் கடிதம் கேட்கிறார். கோடை கழியக் கழிய அப்பேச்சு குறைகிறது. கோயில் எழுந்ததாகச் செய்தி இல்லை.