கறளைக் கேட்கும் சுத்தியல்

2025 பெப்ரவரியில் இலங்கையின் வாகன இறக்குமதித் தடை தளர்ந்தபோது ஊரெல்லாம் பேச்சு கார்களின் விலையைப் பற்றியே இருந்தது. டொலர் கையிருப்பைக் காக்கவென்று 2020 மார்ச்சில் போட்ட தடை அது. நடுவில் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. 200 ரூபாயாக இருந்த டொலர் இரண்டு, மூன்று மாதங்களுக்குள் 360 ரூபாயை எட்டியது. டீசலுக்கு மக்கள் இரவு பகலாக வரிசையில் கிடந்தார்கள். புது லொறி வராத அந்த ஐந்து ஆண்டும், நாட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த லொறிகளே திரும்பத் திரும்பக் கைமாறின. கைமாறும் ஒவ்வொரு தடவையும் விலை ஏறியது, லொறியோ இன்னும் தேய்ந்தது. தடை தளர்ந்த பிறகும் வரியைச் சேர்த்துப் பார்த்தால், யப்பானிலிருந்து வந்திறங்கும் வண்டி முள்ளிவாய்க்கால் மீன் வியாபாரியின் கைக்கு எட்டாது.

அவருக்கு உள்ள வழி, இருபது முப்பது வயதான கன்டர், எல்ஃப் போன்ற யப்பான் லொறி ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான். புதுக்குடியிருப்பில் படிப்பிக்கும் நண்பர் ஒருவர், அப்படித் தேடிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரையும், லொறி பார்க்க அவர் துணைக்குக் கூட்டிப்போகும் முதிய மெக்கானிக்கையும் எனக்கு அறிமுகப்படுத்தி வைத்தார்.

முள்ளிவாய்க்கால் ஒரு பக்கம் பெருங்கடலுக்கும் மறுபக்கம் நந்திக்கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய நிலம். கரைவலையில் ஏறும் மீனும் நந்திக்கடல் இறாலும் நண்டும் விடிந்து சில மணி நேரத்துக்குள் ஐசுக்குள் போயாக வேண்டும். அதில் பெரும்பகுதி போய்ச் சேரும் இடம் கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொட மொத்த மீன் சந்தை. பரந்தன் போய் ஏ9 வீதியைப் பிடித்தாலும், வட்டுவாகல் பாலம் தாண்டி முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான், மாங்குளம் என்று போனாலும் 300 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். சந்தையில் வியாபாரம் சூடுபிடிப்பது நள்ளிரவு தாண்டி. விடிந்த பிறகு போய்ச் சேரும் மீனுக்கு அன்றைய விலை இல்லை. நடுவழியில் நிற்கும் லொறி அன்றைய மீனை மட்டுமல்ல, அந்த மீனைக் கடனாகக் கொடுத்த பத்துப் பன்னிரண்டு தொழிலாளிகளின் அன்றைய உழைப்பையும் சேர்த்தே அழித்துவிடும்.

இளைஞரிடம் இப்போது இருப்பது ஒரு பட்டா. டாட்டா ஏஸ் என்ற இந்தியச் சிறு வண்டிக்கு வன்னி முழுவதும் அதுதான் பெயர். 702 சிசி டீசல் எஞ்சின், இரண்டு சிலிண்டர், முக்கால் தொன் சுமை. புதுக்குடியிருப்புக்கும் முள்ளியவளைக்கும் கிளிநொச்சிக்கும் அது போதும். கொழும்புக்குப் போதாது என்பதை அவர் கணக்கோடு சொன்னார். வெப்ப நாட்டில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். முக்கால் தொன்னில் பாதி ஐஸ். மீதிப் பாதியில் றெஜிபோம் பெட்டிகளின் பாரமும் கழியும். "இதுக்குள்ள முந்நூறு கிலோ மீனைப் போட்டுக்கொண்டு கொழும்புக்குப் போனா டீசல் காசுக்கே காணாது அண்ணை" என்றார். மூன்று தொன் சுமக்கும் பதினாலரை அடிக் கன்டர் என்றால் ஒரு நடையில் ஒன்றரைத் தொன்னுக்குக் கிட்ட மீன் போகும். ஓட்டுக்கூலியும் டீசலும் போக கையில் மிஞ்சுவது அந்த அளவில்தான்.

வவுனியாவில் அவர்கள் பார்க்கப் போன கூலர் லொறி பார்வைக்கு லட்சணமாகவே நின்றது. வெள்ளைப் பெட்டி, புதுக் கறுப்புப் பெயின்ற் அடித்த சேசிஸ், மினுங்கும் ரயர்கள். தரகர் முன் கதவைத் திறந்து இருக்கைகளைக் காட்டினார். மெக்கானிக் அந்தப் பக்கமே போகவில்லை. சாக்கை விரித்துப் பின் அச்சுக்குக் கீழே படுத்தார். கையில் அரை இறாத்தல் சுத்தியல், ஒரு முனை தட்டை, மறுமுனை உருண்டை.

சேசிஸின் நீளச் சட்டத்தை முன்னாலிருந்து பின்னுக்கு ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டு போனார். கபினுக்குக் கீழே ஒவ்வொரு தட்டும் கணீரென்று கேட்டது. பெட்டியின் நடுவுக்கு வந்ததும் ஓசை கொஞ்சம் இறங்கியது. பின் வில்லுத் தகடுகள் தொங்கும் இடத்தில் அது 'டொக்' என்று செத்துப்போனது. அங்கேயே இன்னும் இரண்டு தடவை தட்டினார். கறுப்புப் பெயின்ற் செதிலாக உதிர்ந்து, அடியில் செம்மண் நிறத்தில் அடுக்கடுக்காகப் பெயர்ந்தது கறள். அதற்கும் மேலே, குறுக்குச் சட்டத்தை மூடிக் கையகலத் தகடு ஒன்றால் ஒட்டுவேலை செய்யப்பட்டிருந்தது. "இது மீன் தண்ணி குடிச்ச சேசிஸ் தம்பி" என்றார் கீழே இருந்தபடியே.

விளக்கத்தை வெளியே வந்து சொன்னார். ஐஸ் உருகும்போது மீனின் உப்பும் இரத்தமும் அந்தத் தண்ணீரில் கலக்கின்றன. பெட்டியின் அடித்துளையால் அது வடிந்து நேரே பின் சட்டத்தில் விழுகிறது. பெட்டிக்கும் சேசிஸுக்கும் இடையே வைக்கும் பலகை அந்த ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கிறது. லொறி ஓடாத நாளிலும் இரும்பை அரிக்கிறது. கடற்காற்று வெளிப்புறத்தைத் தின்னும், மீன் தண்ணீர் உட்புறத்தைத் தின்னும். வெளிப்புறத்துக்குப் பெயின்ற் அடிக்கலாம், உட்புறத்துக்குள் தூரிகை போகாது.

அந்தச் சுத்தியலுக்கு அவருடைய தொழில் வாழ்க்கையின் வயது. எண்பதுகளில் கிளிநொச்சிக் கராஜ் ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தபோது முதலாளி கொடுத்தது. 1990இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. எரிபொருளும் பற்றறியும் உதிரிப்பாகங்களும் தடைப்பட்டியலில் இருந்தன. பெற்றோல் வாகனங்களுக்குச் சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் எடுத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். லொறிக்கு வேண்டிய பக்கிங்கைத் தடித்த மட்டையில் வெட்டினார்கள். உடைந்த வில்லுத் தகட்டை இன்னொரு லொறியின் தகட்டோடு சேர்த்து அடித்தார்கள். புதுச் சாமான் வாங்கி மாற்றும் வழி இல்லாததால், எந்த இரும்பு இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று முன்கூட்டியே அறிவது அங்கே தொழிலின் பாதியாக இருந்தது. தட்டிக் கேட்கும் பழக்கம் அப்போது வந்தது என்றார்.

2009 தொடக்கத்தில், போரின் கடைசிக் கட்டத்தில், விசுவமடுவை விட்டு வெளிக்கிடும்போது சாவிப் பெட்டியைக் காணிக்குள் புதைத்தார். சுத்தியலை மட்டும் எடுத்துக்கொண்டார், பங்கருக்கு மரம் அறைய உதவுமென்று. சனம் கொண்டுவந்த லொறிகளும் உழவு இயந்திரங்களும் மோட்டார் சைக்கிள்களும் மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் மணலில் எரிந்து கிடந்தன. அவற்றின் எலும்புக்கூடுகள் போருக்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் குவியலாக நின்று, பிறகு பழைய இரும்பாகப் போயின. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அவர் அதற்குச் சற்று முன்னர் திரும்பி வந்து காணியைத் தோண்டினார். பெட்டி இல்லை. இரவல் சாவிகளோடு தொழிலை மறுபடி தொடங்கியபோது, சொந்தமாக இருந்த ஒரே ஆயுதம் இந்தச் சுத்தியல். பிடி பல தடவை மாறிவிட்டது. தலை அதேதான்.

சேசிஸுக்கு அடுத்தது பெட்டி. வெளியே கண்ணாடியிழைத் தகடு, நடுவில் நுரை, உள்ளே மறுபடி தகடு. தகட்டில் வெடிப்பு விழுந்தால் தண்ணீர் நுரைக்குள் இறங்கிவிடும். ஊறிய நுரை குளிரைக் காக்காது, பாரத்தை மட்டும் கூட்டும். அவர் இளைஞரைப் பெட்டிக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் சொல்லச் சொன்னார். கீழ் மூலையில் தெரிந்தது. பிறகு நெல் ஆலை ஒன்றின் தராசில் லொறியை ஏற்றிப் பார்க்கச் சொன்னார். பதிவுப் புத்தகத்தில் வெறும் வண்டியின் நிறை எழுதப்பட்டிருக்கும். தராசு அதைவிட 200 கிலோ கூடுதலாகக் காட்டினால், பெட்டி குடித்த தண்ணீரை ஒவ்வொரு நடையும் கூலியில்லாமல் சுமக்கிறோம், அந்த 200 கிலோ இடத்தில் மீன் ஏற்றியிருக்கலாம். தரகருக்குத் தராசுக்குப் போக மனமில்லை.

எஞ்சினை அவர் சுருக்கமாகவே பார்த்தார். காலையில் போனதும் முதலில் கையை வைத்துப் பார்த்தது எஞ்சின் தலையைத்தான், முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்று. ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து புகை தள்ளுகிறதா என்று பார்த்தார். கணினியால் டீசல் பாய்ச்சும் புதிய எஞ்சின்களை அவர் முள்ளிவாய்க்காலுக்குப் பரிந்துரைப்பதில்லை. பழைய கன்டரின் 4டி33, எல்ஃபின் 4எச்எஃப்1 போன்ற இயந்திரப் பம்ப் எஞ்சின்களைப் புதுக்குடியிருப்பிலேயே கழற்றிப் பூட்டலாம், மற்றதற்கு வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ இழுத்துப்போக வேண்டும். புத்தக விசயத்தில் அவர் சொன்னது ஒன்றுதான். சேசிஸில் அடித்த இலக்கமும் புத்தகத்து இலக்கமும் ஒன்றாயிருக்க வேண்டும். கையெழுத்து மட்டும் போட்டுப் பெயர் மாற்றாத 'ஓப்பின் பேப்பர்' வண்டியைத் தொடக்கூடாது.

இத்தனையும் பார்த்தபின் தரகர் சொன்ன வார்த்தை: "கறளை விடுங்கோ தம்பி, மாசக் கட்டு எவ்வளவெண்டு பாருங்கோ." வன்னியின் பழைய லொறிச் சந்தையில் நடக்கும் அநியாயம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. லொறியைப் பார்க்க விடாமல் தவணையைப் பார்க்க வைக்கிறார்கள். 30 இலட்சம் ரூபாயை நாலு வருசத்துக்கு, வருசம் நூற்றுக்குப் பன்னிரண்டு நிலையான வட்டியில் லீசிங் எடுத்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். வட்டி 14 இலட்சத்து 40 ஆயிரம். மாதம் 92,500 ரூபாய். முதல் குறைந்துகொண்டே போனாலும் வட்டி முழு முதலுக்கே கணக்கிடப்படுவதால், உண்மையான வட்டி நூற்றுக்கு இருபதைத் தாண்டும். அதைத் தரகர் வாங்குபவருக்கு எழுதிக் காட்டுவதில்லை. தரகர் விற்பவரிடம் ஒன்று, வாங்குபவரிடம் ஒன்று என்று இரு கையாலும் வாங்குகிறார். லொறியின் பின் சட்டம் இரண்டாம் வருசம் முறிந்தாலும் மாசக் கட்டு நாலாம் வருசம் வரை முறியாது. தவணை தவறினால் லொறி போகிறது. கட்டிய காசும் போகிறது.

மறுமுனையில் சந்தைத் தரகு. சந்தை முதலாளியிடம் முற்பணம் வாங்கியவர் அவருக்கே மீனைக் கொடுக்க வேண்டும், அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். 2020 ஒக்ரோபரில் பேலியகொட கொரோனாக் கொத்தணியால் மூடப்பட்டபோது வடக்கின் மீன் விலையற்றுக் கிடந்தது. ஒரே சந்தையையும் ஒரே முதலாளியையும் நம்பியிருப்பதன் விலை என்னவென்று அப்போதே தெரிந்துவிட்டது. கடலில் இறங்குபவரும் லொறி ஓட்டுபவரும் உழைத்து இழக்க, நடுவில் நிற்பவர் ஒரு மீனையும் தொடாமல் எடுத்துக்கொண்டு போகிறார். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் அவற்றின் சமாசமும் முல்லைத்தீவில் இருக்கின்றன. இப்படி ஒரு மெக்கானிக்கை நாள்கூலிக்கு அமர்த்தி, சங்கத்தவர் வாங்கும் ஒவ்வொரு வண்டியையும் முன்கூட்டியே பார்வையிட்டு எழுத்தில் கொடுக்கச் செய்வது அவற்றுக்குப் பெரிய செலவல்ல. லீசிங் பத்திரத்தை ஒரு தடவை வாசித்துச் சொல்லும் கணக்கப்பிள்ளையும் அதே சங்கத்தில் இருக்கலாம். ஒரு முறிந்த சேசிஸால் இழக்கும் காசில் பல ஆண்டுக்கு அந்தக் கூலியைக் கொடுத்துவிடலாம்.

வவுனியாக் கூலரை அவர்கள் வாங்கவில்லை. திரும்பும் வழியில் மெக்கானிக் இளைஞரிடம் சொன்னது வியாபாரிகள் வழக்கமாகச் செய்வதற்கு நேர் எதிரான ஆலோசனை: மீன் ஏற்ற லொறி வேண்டுமென்றால் மீன் ஏற்றிய லொறியை வாங்காதே. துணுக்காய், மல்லாவிப் பக்கம் நெல் ஏற்றி ஓடிய எல்ஃப் ஒன்று பார். அதன் பெயின்ற் மங்கியிருக்கும், மரப்பெட்டி இத்துப்போயிருக்கும், சேசிஸ் உப்பைக் கண்டிருக்காது. விலையில் மிச்சம் பிடித்த காசில் மேலே புதுக் கூலர்ப் பெட்டி கட்டு.

அப்படி ஒன்றை அவர்கள் மல்லாவியில் கண்டுபிடித்தார்கள். நெல் தூசு படிந்த சட்டம் முன்னிருந்து பின்வரை ஒரே சுருதியில் ஒலித்தது. பின் ரயர் இரண்டையும் விற்பவரே மாற்றித் தருவதென்று பேசி முடித்தார்கள். பெட்டி கட்டுபவருக்கு மெக்கானிக் தாளில் கீறிக்கொடுத்த படத்தில் அளவுகளைவிடப் பெரிதாக வரைந்திருந்தது வடிகுழாய். பெட்டியின் தரையிலிருந்து இரண்டு அடி கீழிறங்கி, சேசிஸையும் வில்லையும் தாண்டி, தண்ணீரை வீதியில் விடும்படி அதை வளைத்திருந்தார்.