அப்பாவின் அட்டைக்கு ஒரு பாட்டு

அன்புள்ள அக்கா,

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி அட்டையில் போட நீ அனுப்பிய நாலடியார் பாட்டைப் படித்தேன். புல்நுனிப் பனித்துளி, மழைநீர்க் குமிழி, மலைமேல் மேகம் என்று அந்த நூலில் இயற்கை எல்லாமே நிலையாமைக்குச் சாட்சி சொல்ல வருகிறது. துறவுக்கு அழைத்த சமண முனிவர்கள் பாடியது அப்படித்தான் இருக்கும். அதில் பொய்யே இல்லை. ஆனால் அப்பா துறவை ஒருநாளும் நினைத்தவர் இல்லையே அக்கா.

எனக்குப் புறநானூறுதான் நெருக்கம். அங்கே மலையும் நிலவும் அப்படியே இருக்கின்றன, போவது நாம்தான். பாரி மகளிரின் 112ஆம் பாட்டைப் பார். போன மாத முழுநிலவில் தந்தை இருந்தார், பறம்புமலையும் அவர்களிடம் இருந்தது. இந்த மாதமும் அதே வெண்ணிலவு. மலையை மூவேந்தர் கொண்டார்கள், தந்தையும் இல்லை. நிலவைத் தேய்பிறையாக்கி அழுதிருக்கலாம். அந்தப் பெண்கள் அப்படிச் செய்யவில்லை. ஒரு குறையும் இல்லாமல் அது வந்து நிற்பதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. அப்பா போனபின் வந்த முதல் பௌர்ணமிக்கு அம்மா மொட்டைமாடிக்கு வரவே மாட்டேன் என்றாளே, நினைவிருக்கிறதா?

ஆனாலும் அட்டைக்கு நான் கேட்பது 243ஆம் பாட்டு. பாடியவரின் இயற்பெயர் தெரியாது. பாட்டில் வரும் பூண்போட்ட கைத்தடியை வைத்தே தொடித்தலை விழுத்தண்டினார் என்கிறோம். மணற்பாவைக்குப் பூச்சூட்டிய பெண்களோடு கைகோத்து ஆடியது, துறையில் தாழ்ந்திருந்த மருதக் கிளையில் ஏறிக் கரையில் நின்றவர்கள் மிரள மடுவில் குதித்தது, முங்கி அடிமணலை அள்ளிவந்தது என்று பெரும்பகுதியும் விளையாட்டுத்தான். அந்த இளமை எங்கே போயிற்றோ என்று ஒரே கேள்வி. பிறகு தடியூன்றி, நடுங்கி, இருமலுக்கு நடுவே சில சொற்கள் பேசும் முதுமை. மரம் பட்டதாகவோ மடு வற்றியதாகவோ ஒரு சொல் கிடையாது. இன்றைக்கும் எவனோ ஒரு பையன் அங்கே குதித்துக்கொண்டிருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றும்.

கடைசி மாதங்களில் அப்பாவும் மருந்தைப் பற்றியா பேசினார்? ஆற்றையும் படித்துறையையும் பற்றித்தானே!

பதினான்கே அடிகள், அட்டையில் அடங்கிவிடும். அச்சகத்துக்குக் கொடுக்கச் சந்தி பிரித்து நானே எழுதி அனுப்புகிறேன். பாட்டுக்குக் கீழே அப்பா நீந்திய படித்துறையின் பெயரையும் போடலாமா? அம்மாவிடம் வாசித்துக் காட்டி, கேட்டுச் சொல்.

அன்புடன்,
தம்பி